மஞ்சள் அட்டை எலிகள்

சின்னாத்தாளுக்கு எலியைக் கண்டு அருவருப்புக் கிடையாது. பதினோரு வருஷமாக அவள் குடும்பத்துக்குச் சோறு போட்டதே எலிகள்தான். கோயமுத்தூரில் ஒரு மருத்துவக் கல்லூரியின் பின்பக்கம், சலவைக் கொட்டகையை ஒட்டி நீளமாக ஓர் ஓட்டுக் கட்டடம் இருந்தது. படித்தவர்கள் அதை அனிமல் ஹவுஸ் என்றார்கள். அவள் எலி ஊடு என்றாள். இருநூறு வெள்ளெலிகளுக்குத் தீனி வைப்பதும், உமி மாற்றுவதும், கூண்டு கழுவுவதும் அவள் பாடு; முப்பது முயல்கள் ஐயாசாமி பாடு. கிணத்துக்கடவில் ஆறேகால் பஸ் ஏறி உக்கடத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து எட்டு மணிக்குள் வந்துவிடுவாள். புருஷன் வேலன் செத்து ஆறு வருஷம் ஆகிறது. மகள் அன்புக்கரசியைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்ததும், சென்னிமலையில் தறி ஓட்டும் கதிருக்குக் கட்டிக்கொடுத்ததும் இந்தச் சம்பளத்தில்தான். ஆகவே எலியை யாராவது இளக்காரமாகப் பேசினால் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

தொண்ணூற்றைந்தாம் வருஷக் கடைசியில் நரம்பு டாக்டர் சுந்தரராஜுலு தம்முடைய ஆராய்ச்சிக்காக அறுபது எலிகளை ஒதுக்கச் சொன்னார். எலியை மயக்கிப் படுக்க வைத்து, மண்டை உச்சியில் பொட்டளவு துளை போட்டு, மூளையிலிருந்து ரத்தம் திரும்பி இறங்குகிற பெரிய குழாயை மெல்லிய நூலால் கட்டுவார். ரத்தம் அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் மூன்று நாள் அந்த எலி எப்படி நடக்கிறது, எப்படித் தின்கிறது, வலிப்பு வருகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்வார். எதற்கு இந்தப் பாவம் என்று முதல் நாளே சின்னாத்தாள் கேட்டுவிட்டாள். கேட்க நினைத்ததைக் கேட்காமல் விடுகிற சாதி அல்ல அவள்.

"பொம்பளைங்களுக்கு இது வருதுங்க சின்னாத்தாம்மா," என்றார் டாக்டர். "கொழந்த பொறந்து பத்துப் பன்னெண்டு நாளுக்குள்ள. மாசத்துக்கு நாலு பேரு வாராங்க. வாய்க்கால அடச்சுப்போட்டா வயல்ல தண்ணி தேங்குதல்லங்க, அந்த மாதிரி மூளையில ரத்தம் தேங்கிருது. ஊட்டுக்காரங்க சன்னிங்கறாங்க, பேயிங்கறாங்க. ஏன் வருதுன்னு கண்டுபுடிக்கோணும்."

அதுவரைக்கும் சொன்னவர் மீதியைச் சொல்லவில்லை. கூண்டுகளில் பாதிக்கு வெள்ளை அட்டை, பாதிக்கு மஞ்சள் அட்டை மாட்டினார். வெள்ளை அட்டைக் கூண்டுக்குத் தண்ணி பாட்டில் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். மஞ்சள் அட்டைக் கூண்டில் நூல் கட்டுவதற்கு முந்தின நாளிலேயே பாட்டிலைக் கழற்றிவிட வேண்டும். அப்புறம் நாளுக்கு ஒரு மூடித் தண்ணி, அவ்வளவுதான். ஏன் என்று கேட்டதற்கு, "அது அப்படித்தானுங்க" என்று சிரித்து மழுப்பிவிட்டார். கூண்டு பார்க்கிறவர்களுக்கு விவரம் சொன்னால் தெரிந்தோ தெரியாமலோ ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்று ஆராய்ச்சிப் புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். அந்தப் புத்தகம் எழுதினவனுக்குச் சின்னாத்தாளைத் தெரியாது. சொல்லாவிட்டாலும் அவள் சாய்வாள்.

மஞ்சள் அட்டை எலிகள் பாட்டில் மூக்கு நுழைகிற ஓட்டையை நக்கிக்கொண்டே இருந்தன. அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் நக்கின. இரண்டு நாள் பார்த்தாள் சின்னாத்தாள். மூன்றாம் நாள் அவளுக்குத் தாங்கவில்லை. பஞ்சைத் தண்ணீரில் முக்கிக் கம்பி இடுக்கில் செருகினாள். எலி இரண்டு கையாலும் பஞ்சைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சிற்று. டாக்டர் ரவுண்ட்ஸ் போயிருக்கும் நேரம் பார்த்துக் காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், நாலு மணிக்கு ஒரு தரம் என்று வழக்கமாகிவிட்டது. ஈரப் பஞ்சை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வாள். டாக்டர் எலிகளை எடை போட்டுத்தான் பார்த்தார். மண்டையில் கத்தி பட்ட எலி எப்படியும் இளைக்கும் என்பதால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. பிடிபட்டால் வேலை போய்விடும் என்ற பயம் மட்டும் அவளுக்கு ஒவ்வொரு நாளும் இருந்தது. ஆனாலும் பஞ்சை நிறுத்தவில்லை.

நாலு மாதத்தில் எலி நோயை டாக்டருக்குச் சமமாகப் படித்துவிட்டாள். அடைப்பு முற்றுகிற எலி முதலில் மேலை நக்கிச் சுத்தம் பண்ணுவதை விட்டுவிடும். கண்ணோரம் சிவப்புக் கட்டும். அப்புறம் முன்னங்காலில் ஒன்று மடங்கும், ஊன்றினால் ஊன்றாது. கால் மடங்கி அரை நாளுக்குள் வெட்டு, அதாவது வலிப்பு, வரும். வெட்டு வந்த எலியில் பாதி மறுநாள் காலையைப் பார்க்காது. வெள்ளை அட்டையிலும் சில அப்படிப் போயின, மஞ்சள் அட்டையிலும் சில போயின. கூடுதல் குறைவு பெரிதாக இல்லை.

சித்திரை பிறந்த வாரம் டாக்டர் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டுச் சந்தோஷமும் ஏமாற்றமும் கலந்த முகத்தோடு அவளிடம் சொன்னார். "நம்ம எலிங்க தெளிவாச் சொல்லிருச்சுங்க சின்னாத்தாம்மா. தண்ணி கொறஞ்சதுனால இந்த நோவு வரதில்ல. நானு வெகு நாளா அதாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டிருந்தனுங்க. கடைசியா இன்னொரு பன்னெண்டு எலி செஞ்சு பாத்துட்டு மெட்ராசுல மீட்டிங்ல படிச்சுறலாம்."

சின்னாத்தாளுக்கு அந்தச் சேதியில் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதி அவளுக்கு வசதியாக இருந்தது. ஏனென்றால் அடுத்த நாளே, பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்த அன்புக்கரசிக்கு வலி கண்டது.

பெண் குழந்தை. சுகப் பிரசவம். மூன்றாம் நாள் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். வலி கண்ட நாளிலிருந்தே ஒன்பது நாள் லீவு போட்டுவிட்டு மகளுக்குப் பத்தியம் பார்க்க உட்கார்ந்தாள் சின்னாத்தாள். கூட மாட ஒத்தாசைக்கு வேலனின் அக்கா மாராத்தாள் வந்து சேர்ந்தாள். பத்தியம் என்றால் சுட்ட பூண்டு, மிளகு, வறுத்த கருவாடு, உதிரி உதிரியாகச் சோறு. தண்ணீர் மட்டும் கூடாது. பெற்றவள் உடம்பு பச்சை உடம்பு, பச்சை உடம்பில் தண்ணீர் இறங்கினால் வயிறு ஊதும், சன்னி கண்டுவிடும். காலையில் ஒரு வாய் வெந்நீர், பொழுதோடு ஒரு வாய் வெந்நீர். சின்னாத்தாளை அவள் அம்மா அப்படித்தான் பார்த்தாள். சின்னாத்தாள் செத்தா போனாள்?

அது சித்திரை வெயில். ஓட்டு வீடு. காற்று புகாமல் ஜன்னலைச் சாத்தி, காதில் பஞ்சை அடைத்து, தலையில் துணி கட்டி மூலையில் உட்கார வைத்த பெண்ணுக்கு வேர்த்து ஊற்றியது. குழந்தை வேறு பாலை உறிஞ்சியது.

"நாக்கு ஒட்டுதுங்மா. ஒரு டம்ளர் குடுங்மா," என்று முதல் நாலைந்து நாள் அன்புக்கரசி கெஞ்சினாள்.

"பொறுத்துக்க கண்ணு. பொழுதோட தாரேன். பன்னெண்டு நாளு ஓடிப்போயிரும்," என்பாள் சின்னாத்தாள்.

கெஞ்சியும் கிடைக்காததால் மகள் அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டாள். ஆறாம் நாள் கிராம நர்ஸ் வெங்கடலட்சுமி குழந்தையை நிறுத்துப் பார்க்க வந்தாள். தாயின் உதட்டைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏனுங் சின்னாத்தாக்கா, ஒதடு வெடிச்சுக் கெடக்குது. தண்ணி குடுக்கறீங்களா இல்லீங்களா? ஒரு நாளைக்கு ரெண்டு சொம்பாச்சும் குடிக்கோணுங்க."

"நர்சம்மா, எனக்குப் பாடம் எடுக்க வேண்டாமுங்க. நானு பெரிய டாக்டருகிட்ட வேல பாக்கறவ. தண்ணி கொறஞ்சா ஒண்ணும் ஆவறதில்லைன்னு அவரே எலிய வெச்சுச் செஞ்சு பாத்துப் போட்டாரு. என்ற கண்ணு முன்னால செஞ்சாரு," என்று சின்னாத்தாள் ஒரே போடாகப் போட்டாள்.

வெங்கடலட்சுமி தராசைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். நர்ஸ் படித்தவளை ஆராய்ச்சியைக் காட்டி வாயடைத்ததில் சின்னாத்தாளுக்குப் பெருமை பிடிபடவில்லை. மாராத்தாள் அதை அன்றே நாலு வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள்.

ஒன்பதாம் நாள் அன்புக்கரசி தலைவலி என்றாள். சுக்கை அரைத்து நெற்றியில் பற்றுப் போட்டார்கள். கண்ணுறக்கம் இல்லாத வலி என்றாள் மாராத்தாள். பத்தாம் நாள் விடியக்காலை, "தல வெடிக்கற மாதிரி இருக்குதுங்மா" என்று சுவரில் சாய்ந்துகொண்டாள். லீவு முடிந்துபோயிற்று. மாராத்தாளிடம் மகளை ஒப்படைத்துவிட்டு, வழக்கம்போல ஆறேகால் பஸ்ஸைப் பிடித்தாள் சின்னாத்தாள்.

எலி ஊட்டுக் கதவைத் திறந்ததும் அவள் கண்ணில் பட்டது வெறுங்கூண்டுகள். கடைசிப் பன்னிரண்டு எலிகளில் வெள்ளை அட்டைக் கூண்டு ஆறிலும் எலிகள் தின்றுகொண்டிருந்தன. மஞ்சள் அட்டைக் கூண்டு ஆறில் ஐந்து காலி.

அவள் இல்லாத நாட்களில் கூண்டு பார்த்தவர் முயல் பக்கத்து ஐயாசாமி. ரூல் என்றால் ரூல், அதற்கு மேல் அரைச் சுண்டு தள்ளமாட்டார். "எம்மேல தப்பு இல்லீங் சின்னாத்தா," என்று அவராகவே ஆரம்பித்தார். "அட்டையில போட்டிருக்கற மாதிரியேதான் செஞ்சேன். ஒரு மூடித் தண்ணி, அதுக்கு மேல ஒரு சொட்டு வெக்கல. ஒவ்வொண்ணா முன்னங்கால மடக்குச்சு, வெட்டு வந்துச்சு, போயிருச்சு. டாக்டரு வந்து பாத்தாரு. நூலு சரியில்ல, கட்டு சரியா உழுவுல, இந்தப் பன்னெண்டும் கணக்குல வேண்டாம்னு தள்ளி வெச்சுப்போட்டாரு."

சின்னாத்தாள் ஆறாவது கூண்டுக்கு முன்னால் போய் நின்றாள். உள்ளே இருந்த எலி மயிர் சிலிர்த்து ஒரு மூலையில் கிடந்தது. கண்ணோரம் சிவப்பு. அவள் நிழல் பட்டதும் எழுந்திருக்கப் பார்த்தது. வலது முன்னங்கால் மடங்கி, மூஞ்சி உமியில் இடித்தது.

நூலில் என்ன கோளாறு? அதே நூல்தானே வெள்ளை அட்டை எலிகளுக்கும்? நாலு மாதமாக வெள்ளை அட்டைக்குச் சமமாகப் பிழைத்த மஞ்சள் அட்டை எலிகள் இந்த ஒரு வாரத்தில் மட்டும் வரிசையாகச் சாவானேன்? நாலு மாதமாக இருந்து இந்த வாரம் இல்லாமல் போனது எது என்று யோசித்தாள். ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவளுடைய பஞ்சுதான்.

டாக்டர் சொன்னது அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. தண்ணி குறைந்தால் ஒன்றும் ஆகாது என்று எலிகள் சொல்லவில்லை. அவள் சொல்ல வைத்திருக்கிறாள். தான் களவாகக் கொடுத்த தண்ணீரில் பிழைத்த எலிகளைச் சாட்சியாக வைத்து, நர்சம்மாவின் வாயை அடைத்து, பெற்ற மகளைப் பத்து நாளாக ஒரு வாய் தண்ணீரில் உட்கார வைத்திருக்கிறாள். தலை வெடிக்கிறதுங்மா என்று காலையில் சொன்ன குரல் காதில் கேட்டது.

கூண்டுத் துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினாள். டாக்டரிடம் ஓடியிருக்கலாம். ஓடினால் என்ன ஏது என்று கேட்பார். கேட்டால் பஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த நேரத்திலும் அவளுக்கு அந்தப் பயம் இருந்தது, மறைப்பானேன். முதலில் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்துவிடலாம், இது வெறும் தலைவலியாகவே இருக்கும் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு உக்கடத்துக்குப் பஸ் ஏறினாள்.

பொள்ளாச்சி பஸ் அன்றைக்கென்று நின்று நின்று போயிற்று. சுந்தராபுரத்தில் இரண்டு கூடை தக்காளி ஏறியது. ஈச்சனாரியில் கல்யாணக் கூட்டம் ஏறியது. கண்டக்டர் சில்லறைக்குச் சண்டை பிடித்தார். சின்னாத்தாள் ஈச்சனாரிப் பிள்ளையாரைப் பார்த்துக் கும்பிட்டாள். கை மட்டும்தான் கூப்பியது, வேண்டுதல் ஒன்றும் வாயில் வரவில்லை. மேலை நக்காமல் விடும், கண் சிவக்கும், கால் மடங்கும், வெட்டு வரும். மனசுக்குள் இந்த நாலும் திரும்பத் திரும்ப ஓடின. தெரியாதவளாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை என்று நினைத்தாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது பதினொன்றரை. அன்புக்கரசி முழிப்பாகத்தான் இருந்தாள். தலையை முடிந்துகொள்ளப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீப்பு கையை விட்டு விழுந்தது. எடுத்தாள். மறுபடியும் விழுந்தது.

"என்னன்னு தெரியலீங்மா. கை மரத்த மாதிரி இருக்குது," என்றாள். நாக்குக் குழறியது.

வலது கை. சின்னாத்தாள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் வார்டில் செய்வதைப் பார்த்திருந்தபடி இரண்டு விரலை நீட்டினாள். "என்ற வெரலப் புடி கண்ணு. இறுக்கிப் புடி."

"புடிச்சுத்தானுங்மா இருக்கேன்."

விரல்களைச் சுற்றி ஒரு துணி கிடப்பதைப் போலத்தான் இருந்தது. சின்னாத்தாள் எழுந்து ஓடிச் சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்து மகள் வாயில் வைத்தாள். அன்புக்கரசி நம்ப முடியாமல் ஒரு கணம் பார்த்துவிட்டு மடக் மடக்கென்று குடித்தாள். குடித்த வேகத்தில் அத்தனையும் வாந்தியாக வந்துவிட்டது.

"அடிப்பாவி! பச்ச ஒடம்புக்கு பச்சத் தண்ணியா?" என்று மாராத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். "பாரு, சன்னி கண்டிருச்சு. நானு போயி மந்திரிக்கறவரக் கூட்டியாறேன்."

"சன்னி இல்லீங். கொழந்தையப் பாத்துக்கங்க. நானு இவளக் கூட்டிட்டுப் போறேன்."

"பெத்துப் பத்து நாளான பச்ச ஒடம்ப வெயில்ல எடுத்துட்டுப் போவியா? காத்துக் கருப்பு அடிச்சா ஆரு பாக்கறது?"

"எடுத்துட்டுப் போவாட்டி பொழுதுக்குள்ள செத்துப்போவாளுங்க!" என்று சின்னாத்தாள் கத்தினாள். அதுவரை நாத்தனாரிடம் அவள் குரல் உயர்த்திப் பேசினதில்லை. மாராத்தாள் குழந்தையை வாரிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள்.

தெருமுனையில் அக்பர் அலி இளநீர் ஏற்றுவதற்காக வேனை நிறுத்தி வைத்திருந்தார். அவரும் வேலனும் ஒரே தோப்பில் தேங்காய் போட்டவர்கள். சின்னாத்தாள் ஓடி வந்த கோலத்தைப் பார்த்தே ஏற்றிய குலைகளை இறக்கச் சொல்லிவிட்டார். பின்னால் சாக்கை விரித்து அன்புக்கரசியைப் படுக்க வைத்தார்கள். "எத்தன நேரம் இருக்குதுங்க அக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியலீங்க தம்பி. வெசையாப் போங்க," என்றாள். தெரியும். அதுதான் கொடுமை. அரை நாள் என்று அவளுக்குத் தெரியும். காலையில் எத்தனை மணிக்கு மகள் கை முதலில் விழுந்தது என்பதுதான் தெரியாது.

ஒத்தக்கால்மண்டபம் தாண்டினதும் மகளின் வாய் ஒரு பக்கமாக இழுத்தது. கை துடிக்க ஆரம்பித்தது, அப்புறம் கால், அப்புறம் உடம்பு மொத்தமும். பல் கிட்டிக்கொண்டது. சின்னாத்தாள் மகளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு வாயில் நுரையைத் துடைத்தாள். இதை எத்தனை கூண்டில் பார்த்திருப்பாள்! கூண்டில் பார்க்கும்போது நின்று எண்ணுவாள். எத்தனை நேரம் வெட்டு நின்றது என்று டாக்டர் கேட்பார். இப்போதும் அவளை அறியாமல் மனசு எண்ணியது. எண்ணாதே எண்ணாதே என்று தன்னையே அடித்துக்கொண்டு அழுதாள்.

கல்லூரி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சுந்தரராஜுலு ஓ.பி.யை விட்டுவிட்டு ஓடி வந்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அடைப்புத்தானுங்க சின்னாத்தாம்மா. எலிக்கு நாம கட்டறமல்ல, அதே எடம். மூளை வீங்கியிருக்குது. ரத்தம் உறையாம இருக்க ஊசி போடறேன். வெட்டுக்கும் போட்டாச்சு." சொல்லிக்கொண்டே சீட்டில் எழுதினார். "ஊட்டுல தண்ணி நல்லாக் குடிச்சாங்களா?"

சின்னாத்தாள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். சுற்றிலும் நர்சுகள். வார்டுக்காரர்கள். எல்லாரும் அவளைத் தெரிந்தவர்கள்.

"குடிச்சாளுங்க," என்றாள்.

"செரி. எப்படியும் தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க, நாமதான் பாத்தமே." நர்சைத் திரும்பிப் பார்த்தார். "சிஸ்டர், டிரிப்பக் கொறச்சு வெய்யுங்க. மூளை வீக்கத்துக்குத் தண்ணி கம்மியாத்தான் போகோணும். ஒரு நாளைக்கு ஒரு பாட்டில், அதுக்கு மேல வேண்டாம்."

நர்ஸ் டிரிப் குழாயின் சக்கரத்தைத் திருகினாள். சொட்டு சொட்டென்று விழுந்துகொண்டிருந்தது, நின்று நின்று விழ ஆரம்பித்தது. டாக்டர் போய்விட்டார். சின்னாத்தாள் கட்டில் ஓரத்தில் நின்று அந்தச் சொட்டையே பார்த்தாள். அன்புக்கரசி நினைவில்லாமல் கிடந்தாள். நினைவில்லாமலே நாக்கு வெளியே வந்து வெடித்த உதட்டை நக்கியது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் நக்கியது.

மகளுக்கும் மஞ்சள் அட்டை மாட்டிவிட்டார்கள். மாட்டினது டாக்டர் இல்லை, அவள். இப்போது வாயைத் திறக்காவிட்டால் ஒரு மூடித் தண்ணீரில் மகள் கண்ணெதிரே போய்விடுவாள். திறந்தால் வேலை போகும், மானம் போகும், டாக்டரின் முகத்தில் இனி முழிக்க முடியாது. போகட்டும். செருப்பு மாட்டக்கூட நிற்காமல் வராந்தாவில் ஓடினாள்.

டாக்டர் மாடிப்படியில் கால் வைத்திருந்தார். அவள் போய்க் குறுக்கே நின்றாள்.

"ஏனுங்க டாக்டரே, அந்த எலிங்க பொய்யிங்க."

"என்ன சொல்றீங்க?"

"மஞ்ச அட்ட எலிங்களுக்கு நானு தண்ணி குடுத்துட்டேனுங்க. பஞ்சுல நனச்சு. ஒரு நாளைக்கு மூணு தரம்."

டாக்டர் படியிலிருந்து காலை எடுத்தார். "எப்ப இருந்து?"

"மொத வாரத்துல இருந்துங்க."

"எல்லாக் கூண்டுக்குமா?"

"எல்லாத்துக்குமுங்க. பாவமா இருந்துச்சு, குடுத்துப்போட்டனுங்க. நானு லீவு போட்டப்பத்தான் ஐயாசாமி சொன்னபடி செஞ்சாரு. அந்த அஞ்சும் செத்துப்போச்சு. நூலு கோளாறில்லீங்க."

டாக்டர் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நாலு மாத வேலை. அடுத்த வாரம் மெட்ராசில் படிக்க டைப் அடித்துத் தயாராக இருந்த பேப்பர். அவர் உதடு என்னவோ கணக்குப் போட்டது. அப்புறம் சட்டென்று தலையைத் தூக்கினார்.

"உங்க மகளுக்கு நெசமா எவ்வளவு குடுத்தீங்க?"

"காலைல ஒரு வாயி. பொழுதோட ஒரு வாயி. பத்து நாளுங்க."

"எலிக்குக் குடுக்கத் தோணுச்சேம்மா உங்களுக்கு!" என்றார் டாக்டர். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. வராந்தாவில் போன இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். சின்னாத்தாள் தலை குனிந்து நின்றாள். எலியைப் பார்க்கும்போது தாகம் தெரிந்தது. மகளைப் பார்க்கும்போது சன்னிதான் தெரிந்தது. அதை எந்த வாயால் சொல்லுவாள்?

டாக்டர் எழுந்து வார்டுக்கு நடந்தார், ஓடினார் என்றே சொல்லலாம். அன்புக்கரசியின் நாக்கைப் பார்த்தார். புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளின தோல் அப்படியே மடிப்பாக நின்றது. இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும், எலிக் கணக்கை நம்பிப் பார்க்காமல் விட்டேன் என்று தமக்குள் முணுமுணுத்துக்கொண்டார். டிரிப்பின் சக்கரத்தை அவரே திறந்துவிட்டார். இன்னொரு கையிலும் ஊசி போட்டு இரண்டாவது பாட்டிலைத் தொங்கவிடச் சொன்னார்.

"ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க," என்றார் சின்னாத்தாளிடம், இப்போது தணிந்த குரலில். "தண்ணி ஏத்துனா வீக்கம் கூடலாம். ஏத்தாட்டி அடைப்பு கூடலாம். ரெண்டுக்கும் நடுவுல போறோம். இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல. உங்க வேலையப் பத்தி அப்பறம் பேசிக்கலாம்."

அன்று பொழுது சாய்வதற்குள் இன்னொரு தரம் வெட்டு வந்தது. டாக்டர் பக்கத்திலேயே நின்றார். அவருக்கும் பயம் என்பது அவர் கடிகாரத்தைப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. மறுநாள் காலையில் கதிர் சென்னிமலையிலிருந்து தறித் தூசி படிந்த சட்டையோடு வந்து சேர்ந்தான். என்ன ஆச்சு என்று மாமியாரைக் கேட்டான். சின்னாத்தாள் அவனிடமும் ஒளிக்காமல் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு வராந்தாவின் கடைசிக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை.

அந்த இரண்டு நாளும் சின்னாத்தாள் கட்டிலை விட்டு நகரவில்லை. மகள் மூச்சு இழுக்கும்போது தானும் இழுத்தாள். மறுநாள் காலையைப் பார்க்காத எலிகள் எத்தனை என்று மனசு எடுக்கிற கணக்கை அதட்டி அதட்டி அடக்கினாள். கண்ணயர்ந்து விழித்துப் பார்த்தால் மகள் இமைக்கடியில் கருவிழி அலைந்துகொண்டிருக்கும். அதை நல்ல குறி என்பதா கெட்ட குறி என்பதா? எலியில் அதை அவள் பார்த்ததில்லை. முதல்தரமாகத் தனக்குத் தெரியாத ஒன்று வந்ததில் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

நாலாம் நாள் காலை, வார்டு கூட்டுகிற நேரத்தில், அன்புக்கரசி கண்ணைத் திறந்தாள். அம்மாவை அடையாளம் தெரிந்தது. கதிரைத் தெரிந்தது. பாப்பா எங்கே என்று குழறிக் குழறிக் கேட்டாள். வலது கை மட்டும் போட்டது போட்டபடி கிடந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, கை திரும்ப மாதக்கணக்காகலாம், முழுசாகத் திரும்பாமலும் போகலாம், ஆனால் உயிருக்குப் பயமில்லை என்றார். அதைச் சொல்லும்போது சின்னாத்தாளின் முகத்தை அவர் பார்க்கவில்லை. கதிர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதான்.

நர்ஸ் ஒரு வாய் கொடுத்து, புரையேறாமல் இறங்குகிறதா என்று சோதித்துப் பார்த்தாள். "நல்லா எறங்குதுங்க. இனி நீங்களே குடுங்க, கேக்கறளவுக்குக் குடுங்க," என்று டம்ளரைச் சின்னாத்தாளின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

சின்னாத்தாள் மகளின் தலையைத் தூக்கித் தன் கையில் தாங்கிக்கொண்டு டம்ளரை வாயில் வைத்தாள். அன்புக்கரசி ஒரு வாய் குடித்தாள். தொண்டையில் அது இறங்குவதைக் கண்ணை மூடி அனுபவித்தாள். அடுத்த வாய்க்கு உதடு தானாகக் குவிந்தது. ஆனால் குடிக்கவில்லை. வாயை விலக்கிக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னொரு வாயி குடிச்சுக்கட்டுமாங்மா?" என்று கேட்டாள்.

குடி கண்ணு என்று சொல்லத்தான் சின்னாத்தாள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. டம்ளரை மகளின் உதட்டருகே கொண்டுபோனாள். அன்புக்கரசி டம்ளரில் உதடு படாமல், அம்மா சரியென்று சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.